பிரிட்டன் துணைவரோடு அங்கே குடியேற: எந்தக் காகிதம் முதலில், எது கடைசியில்

என் கணவர் பிரிட்டன்காரர். ஓசூருக்கு வேலைக்கு வந்தவர். நான் காவேரிப்பட்டணத்துக்காரி. 2023-இல் திருமணம், 2025 மார்ச்சில் விசா. இடையில் ஏறத்தாழ ஓர் ஆண்டு வீணாகப் போனது. காகிதம் எதுவும் இல்லாமல் இல்லை. எல்லாம் இருந்தது, வரிசைதான் தெரியவில்லை.

அதன் பிறகு கிருஷ்ணகிரி, பர்கூர், பாலக்கோடு என்று ஆறு பேர் என்னிடம் கேட்டு வந்தார்கள். ஆறு பேரும் கிட்டத்தட்ட ஒரே இடங்களில்தான் இடறினார்கள். ஒவ்வொரு காகிதத்துக்கும் ஓர் ஆயுள் உண்டு என்பது யாருக்கும் தோன்றவில்லை. திருமணச் சான்றிதழுக்குச் சாவில்லை. ஆங்கிலத் தேர்வு 2 ஆண்டு செல்லும். காசநோய்ச் சான்று 6 மாதம். வங்கி அறிக்கையின் ஆயுள் 28 நாள். சாகாதவற்றை முதலில் முடித்துவிட்டு, சீக்கிரம் சாகிறவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். கீழே உள்ள வரிசை அப்படித்தான் போகிறது. மனைவி பிரிட்டன்காரராக இருந்தாலும் இதே வரிசைதான்.

கட்டணமும் தொகைகளும் நான் விண்ணப்பித்த காலத்தவை. அவை அடிக்கடி மாறும். பணம் கட்டும் அன்று பிரிட்டன் அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. கேட்க வேண்டியது துணைவர் விசா

"பயணி விசாவில் போய்விடு, மாமியார் வீட்டில் இருந்துகொண்டே மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்ல ஊரில் யாராவது ஒருவர் இருப்பார். கேட்காதீர்கள். பயணியாக உள்ளே போனவர் அங்கிருந்தபடியே துணைவர் விசாவுக்கு மாற விதியில் இடமில்லை. ஊருக்குத் திரும்பிவந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். போன செலவும் வந்த செலவும் தண்டம்.

திருமணம் ஆகாதவர்களுக்கு 6 மாதத்துக்கு ஒரு விசா தருகிறார்கள். அந்த 6 மாதத்தில் வேலை செய்யக் கூடாது. அங்கே திருமணம் முடித்த பிறகு மறுபடியும் விண்ணப்பித்து மறுபடியும் கட்டணம் கட்ட வேண்டும். இங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டு போவதுதான் மலிவு.

முன்பு எந்த நாடாவது உங்களுக்கு விசா மறுத்திருந்தால், எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும், விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள். பழைய மறுப்பு உங்களைத் தோற்கடிப்பது அபூர்வம். அதை மறைத்தது தெரிந்தால் 10 ஆண்டுவரை கதவு அடைபடலாம்.

2. பெயரை ஒன்றாக்குங்கள்

என்னுடைய ஓர் ஆண்டு போனது இங்கேதான். என் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் அதற்கு ஆங்கிலத்தில் ‘எல்’ போட்டிருந்தார்கள். பாஸ்போர்ட்டில் ‘இசட்-எச்’. திருமணச் சான்றிதழில் தட்டச்சு செய்தவர் இரண்டையும் விட்டு ‘ஒய்’ போட்டார். கையெழுத்துப் போடும்போது நான் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தேன், சான்றிதழைப் படிக்கவில்லை.

அதைத் திருத்தும் வேலை 2024 மார்ச்சில் தொடங்கி மே மாதம் முடிந்தது. இடையில் ஏப்ரல் 11 அன்று பிரிட்டன் அரசு, துணைவரை அழைப்பவர் ஆண்டுக்குச் சம்பாதிக்க வேண்டிய தொகையை 18,600 பவுண்டிலிருந்து 29,000 பவுண்டாக உயர்த்திவிட்டது. அதற்குள் பிரிட்டன் திரும்பியிருந்த என் கணவரின் அப்போதைய சம்பளம் 24,000 பவுண்டு. மார்ச்சில் போதுமானதாக இருந்தது, மே மாதம் போதாமல் போனது. ஓர் எழுத்தின் விலை அது.

எனவே எல்லாவற்றுக்கும் முன்னால், பாஸ்போர்ட்டை அளவுகோலாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் ஊர் வழக்கில் முன்னெழுத்துதான் பெரிய தொல்லை. ஆதாரில் முன்னால் ஓர் எழுத்து, பள்ளிச் சான்றிதழில் பின்னால் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர் என்று ஒரே பெண் மூன்று ஆளாக நிற்பாள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருந்தால் அப்படியே இருக்கட்டும். ஆனால் தேர்வுக்குப் பதியும்போதும் விமான டிக்கெட் எடுக்கும்போதும் அந்தக் கட்டத்தில் உங்கள் விருப்பத்துக்கு எதையும் எழுதிவிடாதீர்கள்.

கணவரின் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் ஆசை இருந்தால் இப்போதே பாஸ்போர்ட்டில் சேர்த்துவிடுங்கள், அல்லது குடியேறிய பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து.

3. திருமணத்தைச் சரியான சட்டத்தில் பதியுங்கள்

கோவிலில் தாலி கட்டிய ரசீதும் மண்டபத்துப் புகைப்படங்களும் போதாது. இந்து திருமணச் சட்டம் மணமக்கள் இருவரும் இந்துவாக இருந்தால்தான் பொருந்தும். வேறு மதத்து வெளிநாட்டவரை மணப்பவர்களுக்கு வழி 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்.

அதன் நடைமுறை இது. மணமக்களில் ஒருவராவது, அறிவிப்புக் கொடுக்கும் நாளுக்கு முன் 30 நாள் அந்த மாவட்டத்தில் வசித்திருக்க வேண்டும். பெண் வீடு கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்தால் அதுவே போதும். சென்னையில் சித்தி வீட்டு முகவரியைக் காட்டி அங்கே பதியப் போகிறவர்கள் இந்த நிபந்தனையில்தான் மாட்டுகிறார்கள். அறிவிப்பு அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். 30 நாளுக்குள் சட்டப்படியான ஆட்சேபம் வராவிட்டால் மூன்று சாட்சிகள் முன்னிலையில் திருமணம். அறிவிப்புக் கொடுத்து 3 மாதத்துக்குள் முடிக்காவிட்டால் அறிவிப்பு செத்துப்போகும், புதிதாகக் கொடுக்க வேண்டும்.

பலகையில் ஒட்டுவார்கள் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எங்கள் அறிவிப்பை, நிலப் பத்திரம் பதிய வந்த என் பெரியப்பா பார்த்துவிட்டார். அன்று மாலை வீட்டில் நடந்தது இந்த வழிகாட்டிக்குள் அடங்காது.

ஏற்கெனவே சடங்கு முறையில் திருமணம் முடித்தவர்கள் அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவில் பதியலாம். இருவருக்கும் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கும் 30 நாள் அறிவிப்பு உண்டு.

வெளிநாட்டவரிடம் சார்பதிவாளர் என்னென்ன கேட்பார் என்பதை நேரில் போய் எழுதி வாங்கிவிடுங்கள். திருமணம் செய்யத் தடை இல்லை என்ற சான்று, முன்பு மணமாகியிருந்தால் விவாகரத்தின் இறுதி ஆணை ஆகியவை அவருடைய நாட்டிலிருந்து வர வேண்டியவை. பெண் வீட்டில் பந்தக்கால் நட்ட பிறகு இவற்றைத் தேடக் கூடாது.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று ஒவ்வோர் எழுத்தையும் படியுங்கள். மாலை காத்திருக்கும்.

4. வருமானக் கணக்கு

பாதிப் பேர் தோற்பது இங்கே என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சம்பளத்தைக் காட்டுவதானால் 29,000 பவுண்டு பிரிட்டன்காரரின் சம்பளமாக இருக்க வேண்டும். இந்தியாவில் வேலை பார்க்கும் உங்கள் சம்பளம் இதில் சேராது. பெங்களூரில் மாதம் இரண்டு இலட்சம் வாங்கும் ஒரு பெண், தன் சம்பளச் சீட்டுகளை மட்டும் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தார். அவற்றில் ஒன்றுகூடப் பயன்படவில்லை.

கணவர் இப்போது உங்களோடு இந்தியாவில் இருக்கிறார், இருவரும் சேர்ந்து புறப்படப் போகிறீர்கள் என்றால் இரண்டு நிபந்தனை. இங்கே அவர் வாங்கும் சம்பளமும் அந்த அளவைத் தொட வேண்டும். அங்கே போய் 3 மாதத்துக்குள் சேரும்படி, அதே அளவு சம்பளத்தில் உறுதியான வேலை ஒன்றும் கையில் இருக்க வேண்டும். 29,000 பவுண்டு நம் பணத்தில் ஆண்டுக்கு 30 இலட்சத்துக்கும் மேல். ஓசூரில் அந்தச் சம்பளம் வாங்குகிறவர்கள் எத்தனை பேர்?

அதனால் பெரும்பாலானவர்களுக்குக் கைகூடுவது பிரிந்திருக்கும் வழி. கணவர் முன்னால் போய், ஒரே நிறுவனத்தில் 6 மாதம் வேலை பார்த்து, ஆறு சம்பளச் சீட்டு சேர்ந்ததும் நீங்கள் இங்கிருந்து விண்ணப்பிப்பது. அந்த 6 மாதத்தில் எந்த மாதச் சம்பளம் குறைவோ அதை வைத்துத்தான் ஆண்டுக் கணக்குப் போடுவார்கள். நான்காம் மாதம் ஊதிய உயர்வு கிடைத்து 29,000-ஐத் தொட்டவர் அங்கிருந்து மறுபடி ஆறு எண்ண வேண்டும். இடையில் வேலை மாறினாலும் அப்படியே. என் கணவர் 31,000 பவுண்டு வேலைக்கு மாறியது 2024 ஜூனில். நாங்கள் விண்ணப்பித்தது 2025 ஜனவரியில்.

சேமிப்பைக் காட்டும் வழியும் உண்டு. வருமானமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதானால் 88,500 பவுண்டு வேண்டும், ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய். 16,000 பவுண்டு வரை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. அதற்கு மேல் உள்ளதை இரண்டரையால் வகுத்து வருமானத்தோடு சேர்ப்பார்கள். சம்பளம் 25,000 என்றால் குறைவது 4,000. அதன் இரண்டரை மடங்கு 10,000. அதோடு 16,000. ஆகக் கையில் இருக்க வேண்டியது 26,000 பவுண்டு. இந்தப் பணம் இந்திய வங்கியிலேயே இருக்கலாம், உங்கள் பெயரிலும் இருக்கலாம். ஆனால் 6 மாதம் கணக்கில் கிடந்திருக்க வேண்டும்.

அடுத்து வரும் கேள்வி எனக்குத் தெரியும்: மாந்தோப்பை விற்றுக் காட்டலாமா? தோப்பு உங்கள் சொந்தப் பெயரில் இருந்து அதை விற்ற பணம் என்றால், நீங்கள் தோப்பை வைத்திருந்த காலமும் அந்த 6 மாதத்தில் சேரும். அப்பா தம் பெயரில் உள்ளதை விற்று உங்களுக்குப் போட்டால் அது அன்பளிப்பு. அன்றிலிருந்து 6 மாதம் காத்திருக்க வேண்டும், திருப்பிக் கேட்கும் கடனாகவும் இருக்கக் கூடாது. கூட்டுப் பட்டாவில் கிடக்கும் நிலத்தைப் பற்றிப் பேச்சையே எடுக்காதீர்கள். பிரிவினை முடியுமுன் விசா விதி இரண்டு முறை மாறிவிடும். என்னைக் கேட்டால், கணவர் ஆறு மாதம் தனியாக இருந்து சம்பாதிக்கட்டும், தோப்பு தோப்பாகவே இருக்கட்டும்.

வாடகை வருமானமும் செல்லும். ஓசூரில் தொழிலாளர்களுக்கு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் குடும்பங்கள் நிறைய. வீடு உங்கள் இருவரில் ஒருவர் பெயரில் இருந்து, 12 மாத வாடகை வங்கி வழியாக வந்திருக்க வேண்டும். மாதம் பிறந்ததும் அம்மா முந்தானையில் முடிந்துவைக்கும் வாடகையைக் கணக்கில் காட்ட முடியாது.

5. ஆங்கிலத் தேர்வு

கேட்பது அடிப்படையிலும் அடிப்படை: ஏ1 நிலை, பேசவும் கேட்டுப் புரிந்துகொள்ளவும் மட்டும். பயப்பட ஒன்றும் இல்லை. தவறு தேர்வைத் தேர்ந்தெடுப்பதில்தான் நடக்கிறது. படிப்புக்காக எழுதும் சாதாரண ஐஇஎல்டிஎஸ் செல்லாது. பிரிட்டன் விசாவுக்கென்று அங்கீகரித்த தேர்வாகவும், அதற்கென அங்கீகரித்த மையமாகவும் இருக்க வேண்டும். பக்கத்துப் பயிற்சி நிலையத்தார் தங்களுக்குத் தெரிந்ததைத்தான் எழுத வைப்பார்கள். பர்கூர்ப் பையன் ஒருவன் அதில் ஒன்பதுக்கு ஏழரை மதிப்பெண் வாங்கியும் மறுபடி எழுதினான்.

ஆங்கில வழியில் பட்டம் பெற்றவர்கள் அதையே காட்டலாம். ஆனால் அந்தப் பட்டம் பிரிட்டன் பட்டத்துக்கு இணை, ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது என்று எக்டிஸ் என்ற பிரிட்டன் அமைப்பு சான்று தர வேண்டும். கல்லூரி முதல்வரின் கடிதம் மட்டும் போதாது.

6. காசநோய்ப் பரிசோதனை

மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். பிரிட்டன் அரசு பட்டியலிட்ட மருத்துவமனையில்தான் எடுக்க வேண்டும். பட்டியலில் சென்னையும் உண்டு, பெங்களூரும் உண்டு. நமக்குப் பெங்களூர்தான் கிட்ட. காலை ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தால் அத்திப்பள்ளி நெரிசலுக்கு முன் ஊருக்குள் போய்விடலாம்.

சான்று 6 மாதம் செல்லும். கணவரின் ஐந்தாம் சம்பளச் சீட்டு வந்த பிறகு எடுங்கள். திருமணம் முடிந்த வேகத்தில் எடுத்து, விண்ணப்பிக்கும் முன் காலாவதியாகி, இரண்டாம் முறை எடுத்த மூன்று பேரை எனக்குத் தெரியும். கர்ப்பமாக இருந்தால் எக்ஸ்ரேவுக்கு முன் சொல்லிவிடுங்கள்.

7. கடைசி 28 நாள்

இணையத்தில் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் நாள்தான் உங்கள் கணக்கின் பூச்சிய நாள். வருமானக் காகிதங்களின் கடைசித் தேதி அதற்கு முந்திய 28 நாளுக்குள் இருக்க வேண்டும். எனவே முதலில் நாளைக் குறித்துக்கொண்டு, பின்னோக்கி எண்ணி இவற்றைத் திரட்டுங்கள்.

ஆறு சம்பளச் சீட்டுகள், அதே ஆறு மாதங்களின் வங்கி அறிக்கை. சீட்டில் உள்ள நிகரச் சம்பளம் பைசா பிசகாமல் வங்கியில் விழுந்திருக்க வேண்டும். ஒரு விளக்கு வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். அலுவலர் அதைத்தான் செய்யப் போகிறார்.

நிறுவனக் கடிதம். இன்னார் எங்களிடம் வேலை செய்கிறார் என்ற ஒற்றை வரிக் கடிதம் ஆகாது. மொத்தச் சம்பளம், எப்போதிலிருந்து வேலை, இந்தச் சம்பளத்தை எப்போதிலிருந்து வாங்குகிறார், வேலை நிரந்தரமா ஒப்பந்தமா என்ற நான்கும் இருக்க வேண்டும். ஆறு பேரில் நால்வரின் முதல் கடிதத்தில் மூன்றாவது விவரம் இல்லை.

தங்குமிடம். மாமியார் வீடானால் அவர் கையெழுத்திட்ட கடிதம், வீடு அவருடையது என்பதற்குச் சான்று, எத்தனை அறை, எத்தனை பேர் என்ற விவரம். கூட்ட நெரிசலாக இருக்கக் கூடாது என்பது விதி. நம் ஊர்க் கணக்கில் நான்கு பேர் படுக்கும் அறை அங்கே நெரிசல்.

உண்மையான உறவு என்பதற்குச் சான்று. இருநூறு புகைப்படம் வேண்டாம். பழகிய நாளிலிருந்து இன்றுவரை காலவரிசையில் பதினைந்து இருபது போதும், அடியில் தேதியும் இடமும். இரு குடும்பத்தாரும் சேர்ந்து நிற்கும் படங்களுக்கு மதிப்பு அதிகம். பிரிந்திருந்த மாதங்களில் வாட்ஸ்அப்பில் பேசியதற்கு மாதம் ஒரு பக்கம். பயண டிக்கெட்டுகள். திருமண அழைப்பிதழை மறக்காதீர்கள். பங்காளிகள் பெயரெல்லாம் அச்சடித்த நம் மஞ்சள் தடவிய பத்திரிகையைப் போல் ஒரு சாட்சி வேறு ஏது?

தமிழில் உள்ளவற்றை முழுமையாக மொழிபெயர்க்க வேண்டும். மொழிபெயர்ப்பு துல்லியமானது என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்த்தவரின் முழுப் பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் ஆகியவை அடியில் வர வேண்டும். நோட்டரி முத்திரை மட்டும் குத்தி அனுப்பாதீர்கள்.

தேவையில்லாதவை இரண்டு. காவல்துறை நன்னடத்தைச் சான்றை இந்த விசாவுக்குக் கேட்பதில்லை. திருமணச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரையையும், அதாவது வெளிநாட்டில் செல்லும்படி நம் வெளியுறவு அமைச்சகம் தரும் சான்றையும், கேட்பதில்லை. வேறு நாட்டுக்குப் போனவர்கள் சொல்வதைக் கேட்டு நான் இரண்டுக்கும் அலைந்தேன்.

8. சமர்ப்பித்தல்

விண்ணப்பக் கட்டணம் எனக்கு 1,846 பவுண்டு. 2025 ஏப்ரலில் 1,938 ஆனது. அதற்கு மேல் சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 வீதம், 33 மாத விசாவுக்கு 3,105 பவுண்டு, மொத்தமாக முன்பணம். இதைத் தெரியாமல் வந்து பணம் கட்டும் பக்கத்தில் உறைந்து நின்றவர்கள் உண்டு. சர்வதேசப் பரிமாற்றத்துக்குக் கார்டில் வரம்பு இருந்தால் முன்னாலேயே வங்கியில் உயர்த்திவிடுங்கள். கணவர் அங்கிருந்து அவர் கார்டில் கட்டுவது இன்னும் எளிது.

பிறகு கைரேகைக்கு நாள் வாங்கி பெங்களூரிலோ சென்னையிலோ விசா விண்ணப்ப மையத்துக்குப் போக வேண்டும். காகிதங்களை அதற்கு முன் வீட்டிலிருந்தே நீங்களே பதிவேற்றிவிடுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று பெயர் வையுங்கள். மருதாணி வைத்த கையோடு போகாதீர்கள். ரேகை விழாமல் ஒரு பெண்ணை என் கண் முன்னால் இன்னொரு நாள் வரச் சொன்னார்கள்.

9. புறப்படுமுன் ஊரில்

சேமிப்புக் கணக்கை வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றுங்கள். நிலம், வீடு இருந்தால் நம்பிக்கையானவர் பெயரில் பொது அதிகாரப் பத்திரம் எழுதிப் பதிவு அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். போன பிறகு செய்வதானால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, இங்கே அனுப்பி, 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும்.

இன்னொன்று. அங்கே குடியேறிய பிறகு இந்தியாவில் விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது. ஏற்கெனவே வைத்திருப்பதை வைத்துக்கொள்ளலாம், வாரிசாக வருவதும் வரலாம். அண்ணன் தம்பியிடம் கிரயம் பேசி வைத்திருந்தால் கிளம்புமுன் முடித்துக்கொள்ளுங்கள்.

10. இறங்கிய நாள் முதல்

கையில் அட்டை எதுவும் தர மாட்டார்கள். அட்டை முறை 2024-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. உங்கள் உரிமை இணையக் கணக்கில் இ-விசாவாக இருக்கும். கணக்கைத் திறந்து பெயர், பிறந்த தேதி, முடியும் நாள் மூன்றையும் பாருங்கள். பிழை இருந்தால் உடனே எழுதுங்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் புதிய எண்ணை அதில் சேர்க்க வேண்டும். வேலை செய்ய உரிமை உண்டு. அரசு உதவித்தொகை கேட்க உரிமை இல்லை.

விசா 33 மாதம். அதன் பிறகு 30 மாத நீட்டிப்பு, அதற்கு ஏ2 நிலை ஆங்கிலம். உள்ளே 60 மாதம் நிறைந்தால் அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு விண்ணப்பம், அதற்கு பி1 நிலையும் பிரிட்டன் வாழ்க்கை பற்றிய தேர்வும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நீட்டிப்பின் 30 மாதம் முடிவு வந்த நாளிலிருந்து எண்ணப்படும். நீங்கள் நாட்டுக்குள் நுழைந்து 30 மாதம் ஆகுமுன் அவசரப்பட்டு விண்ணப்பித்தால் இரண்டும் சேர்ந்து 60-ஐ எட்டாமல், இடையில் இன்னொரு முழுக் கட்டணம் கட்ட வேண்டி வரும். 33 மாதம் முடிந்தும் விடக் கூடாது. அந்த இடைவெளியை இன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

நீட்டிப்புக்கு, இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்ததற்கு இரண்டு ஆண்டில் பரவிய ஆறு கடிதங்கள், குறைந்தது மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவை, கேட்பார்கள். வங்கி, மின்கட்டணம், உள்ளாட்சி வரி, மருத்துவர் என்று முதல் மாதமே உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். எல்லாம் மின்னஞ்சலில் வரட்டும் என்று கணவர் சொல்வார். கேட்காதீர்கள், காகிதமாகவே வரட்டும்.

எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு மஞ்சள் பை மாட்டியிருக்கிறது, கிருஷ்ணகிரி ஜவுளிக்கடைப் பை. தபால்காரர் போட்டுவிட்டுப் போனதும் உறையில் என் பெயரைப் பார்க்கிறேன். ழகரம் சரியாக இருந்தால்தான் பைக்குள் போகும்.